மறுபடி முளைக்கிற காது

என் கணவரை நான் முதன்முதலில் கண்டது முட்டை வாங்கப் போன இடத்தில்.

அப்போது நான் வந்தாறுமூலையில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் விலங்கியல் படித்து முடித்து, அங்கேயே செய்முறை வகுப்புகளுக்கு டெமோன்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். முட்டைக்குள் குஞ்சு நாளுக்கு நாள் எப்படி உருவாகிறது என்று மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். கடையில் வாங்கிய முட்டைகளை மூன்று நாள் சூட்டில் வைத்து, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தோம். மஞ்சள் கரு இருந்தது, வெள்ளைக் கரு இருந்தது, வேறொன்றும் இல்லை. எங்கள் பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சேவலையே காணாத கோழியிட முட்டை இது. இதுக்குள்ள என்னத்தைத் தேடுறீங்க?" என்றார்.

வாங்கி வந்தவரைக் குறை சொல்ல முடியாது. முட்டை வேண்டும் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். சேவல் சேர்ந்த ஊர்க்கோழி முட்டை எங்கே கிடைக்கும் என்று விசாரித்ததில், செங்கலடிக்கு உள்ளே ஒருவர் கோழி வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்து விற்கிறார் என்று ஒரு தொலைபேசி இலக்கம் கிடைத்தது. அழைத்தேன். ஆழமான ஓர் ஆண்குரல், "சொல்லுங்க" என்றது. சொன்னேன். "சொல்லுங்க" என்றது மறுபடியும். இன்னும் உரக்கச் சொன்னேன். "அம்மாக்கிட்டக் குடுக்கன்" என்று குரல் போய்விட்டது.

பிறகு வந்தது ஒரு பெண்ணின் குரல். "புள்ள, அவனுக்கு ஃபோன்ல கேக்காது. நேர வாங்க. முகத்தைப் பாத்துக் கதைச்சா எல்லாம் விளங்கும்."

மறுநாள் பஸ்ஸில் இறங்கி விசாரித்து நடந்து போனேன். தென்னோலை வேய்ந்த நீளமான கொட்டில்கள் இரண்டு. நடுவே ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கோழிகளுக்குத் தீனி எறிந்துகொண்டிருந்தார். "இஞ்ச பாருங்க" என்று கூப்பிட்டேன். கோழிகள் எல்லாம் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தன. கோழிகள் பார்ப்பதைக் கண்டுதான் அவர் திரும்பினார்.

நான் கதைக்கத் தொடங்கியதும் அவர் என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தார். காலையில் சாப்பிட்ட இடியப்பம் ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று கையால் துடைத்துக்கொண்டேன். அப்போதும் வாயையேதான் பார்த்தார்.

"என்ன, ஏதும் ஒட்டியிரிக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

"இல்ல. நான் வாயைப் பாத்துத்தான் கேக்கிற."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. முட்டை எதற்கு என்று கேட்டார். உடைத்துப் பார்க்க என்றேன். குஞ்சாகப் போகிற முட்டையைப் போய் உடைப்பதா என்று முகம் கோணினார். ஆனாலும் ஒரு தட்டு நிறைய எடுத்துத் தந்தார். தந்துவிட்டு, "உள்ளுக்க என்ன கண்டதெண்டு வந்து சொல்லணும்" என்றார்.

போய்ச் சொன்னேன். மூன்றாம் நாள் முட்டையின் ஓட்டில் சின்னச் சன்னல்போலத் திறந்து பார்த்தால், மஞ்சள் கருவின் மேல் செந்நூல் பின்னல்போல இரத்தக் குழாய்கள் ஓடும், நடுவில் குண்டூசித் தலை அளவு இதயம் துடிக்கும் என்று சொன்னேன். அவர் தன் உள்ளங்கையைக் குவித்து, அதற்குள் அந்த இதயம் இருப்பதுபோலப் பார்த்தார். அடுத்த வாரமும் முட்டை தேவைப்பட்டது. அதற்கடுத்த வாரம் தேவைப்படவில்லை, ஆனாலும் போனேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது வழக்கம். எங்கள் வீடு ஆரையம்பதியில். கோழிக்கொட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆரையம்பதிக்கு வர முடியாது என்பதால் நான்தான் செங்கலடிக்குப் போக வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அவருடைய காதைவிட இதுதான் பெரிய குறையாக இருந்தது. "ஊர் உலகத்தில இல்லாத புதினம்" என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மருமகனின் தோட்டத்து முட்டைக்குழம்பைச் சாப்பிட்டுப் பழகி, சொல்வதை விட்டுவிட்டார்.

அவருடைய காதுக்கு என்ன நடந்தது என்பதை அவருடைய அம்மா, என் மாமிதான் எனக்குச் சொன்னார். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்திருக்கிறது. உடம்பு முழுக்கக் கிருமி பரவி, பிள்ளை பிழைக்குமா என்ற நிலை. ஆஸ்பத்திரியில் நாளும் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான், பின்னால் நின்று கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை என்று மாமி கண்டிருக்கிறார். கிருமியைக் கொன்ற ஊசி காதையும் கெடுத்திருக்கிறது.

"அந்த ஊசி இல்லாட்டி இவன் இல்ல புள்ள" என்றார் மாமி. "அதால நான் ஒருத்தரையும் ஏசினதில்ல."

முற்றாகக் கேட்காது என்றில்லை. லொறிச் சத்தம் கேட்கும், கோயில் உடுக்கு கேட்கும், என் அப்பாவின் தடித்த குரல் கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் கேட்காது. ச, த, க எல்லாம் அவருக்கு ஒன்றுதான், உதட்டைப் பார்த்துத்தான் பிரித்துக்கொள்வார். சின்ன வயதில் யாரோ வாங்கிக் கொடுத்த காது மெஷின் ஒன்று அலுமாரியில் கிடந்தது. போட்டால் வீசிலடிக்கும் என்று அதை எடுப்பதேயில்லை.

கலியாணமாகி முதல் வருடத்தில் செய்முறை வகுப்பில் காது உருவாகும் பாடம் வந்தது. ஒரு முட்டைத் தட்டோடு வந்த அவரை ஆய்வுகூடத்துக்குள் கூட்டிப் போய், நுணுக்குக்காட்டிக்குக் கீழே கருவை வைத்து, பார்க்கச் சொன்னேன். தலைப் பக்கத்தில் பெரிய கறுத்த கண், அதற்குப் பின்னால் கழுத்துக்கு மேலே கண்ணாடிக் குமிழிபோல ஒரு சின்னப் பை.

"இதுதான் காது" என்றேன்.

"இதா? இது தண்ணிக் குமிழில்லா?"

முதலில் தலையின் இரண்டு பக்கமும் தோல் கொஞ்சம் தடிக்கும், பிறகு குழி விழும், குழியின் வாய் மூடிக்கொண்டு பையாகும் என்று கையால் காட்டினேன். அந்தப் பைதான் நீண்டு வளைந்து உட்காதாகும். மனிதருக்கு அது நத்தையின் ஓடுபோலச் சுருளும், கோழிக்குச் சுருளாது, கொஞ்சம் வளைந்து நிற்கும். உள்ளே வரிசை வரிசையாகக் கலங்கள், செல்கள் என்றும் சொல்வார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் மயிர்க்கற்றைபோல நுண்ணிய தும்புகள். சத்தம் வந்தால் அவை அசையும், அசைந்தால் நரம்புக்குச் செய்தி போகும். அவற்றை மயிர்க்கலங்கள் என்பார்கள்.

"எனக்கு அதுதான் போயிற்றா?"

"ஓம். அதுதான்."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பின்னால் மாணவர்கள் தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முணுமுணுத்தது அவருக்கு எங்கே கேட்கும்?

இதற்கு மேலே ஒரு விடயம் இருந்தது. அடுத்த பாடத்துக்கு ஆயத்தம் செய்யும்போதுதான் அதை விளக்கமாக வாசித்தேன். பறவைகளுக்கு மயிர்க்கலங்கள் செத்தால் மறுபடி முளைக்கும். அதை அறிந்துகொண்ட ஆய்வாளர்கள் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவற்றில், அவருக்குச் சின்ன வயதில் கிருமி கொல்லப் போட்ட அதே வகை மருந்தும் ஒன்று. அந்த மருந்து கோழியின் காதிலும் மயிர்க்கலங்களைக் கொல்கிறது. ஆனால் சில வாரங்களில் புதிய கலங்கள் வந்து கோழிக்கு மறுபடி கேட்கத் தொடங்குகிறது. மனிதருக்கு அப்படி வருவதில்லை.

சொல்வதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கோழியோடு நாள் முழுக்க நிற்கிற மனிதர். நம்மைவிடக் கோழிக்கு அதிர்ஷ்டம் என்று சொன்னால் மனம் நொந்துபோவாரோ என்று யோசித்தேன். கடைசியில் ஒரு காலை நேரம், இரண்டு பேருமாகத் தீனி கலக்கும்போது, அவர் கையைத் தட்டி என் பக்கம் திருப்பிச் சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த தவிட்டுச் சுளகை நிலத்தில் வைத்தார். பக்கத்தில் நின்ற பெரிய செஞ்சேவலைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாமி எட்டிப் பார்த்தார்.

"அம்மா, கேட்டீங்களா? எனக்குப் போட்ட ஊசியை இவனுக்குப் போட்டா இவனுக்குத் திரும்பவும் காது முளைக்குமாம். இந்தக் கள்ளன் அத எனக்குச் சொல்லவேயில்ல."

மாமியும் சிரித்தார். நான்தான் நடுவில் தவிட்டுக் கையோடு நின்றேன்.

சிரித்து முடிந்த பிறகுதான் கேள்வி வந்தது. "அப்ப நமக்கேன் முளைக்காது?"

மயிர்க்கலங்களுக்குப் பக்கத்தில் அவற்றைத் தாங்கிக்கொண்டு வேறு கலங்கள் நிற்கின்றன என்றேன். கோழிக்கு மயிர்க்கலம் செத்தால், பக்கத்தில் தாங்கி நின்றதே எழும்பி மயிர்க்கலமாக மாறிவிடும், இல்லாவிட்டால் இரண்டாகப் பிரிந்து ஒன்றை அந்த இடத்துக்கு அனுப்பும். நமக்கும் அந்தத் தாங்கு கலங்கள் இருக்கின்றன. ஆனால் கருவில் காது வளரும்போது மட்டும்தான் அவை அந்த வேலையைச் செய்யும். பிறகு அந்தக் கட்டளை அடங்கிவிடுகிறது. அதைத் திரும்ப எழுப்ப மருந்தாலும் மரபணுவாலும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். சின்ன எலிக்குஞ்சுகளில் கொஞ்சம் பலன் தெரிகிறது. மனிதருக்கு இன்னும் சரிவரவில்லை.

"அப்ப ஆக்கள் வீட்டுலதான் இரிக்காங்க. நித்திரையாக் கிடக்காங்க" என்றார்.

"ஓம், அப்பிடித்தான்."

"சரி. எழும்பினாச் சொல்லு." சுளகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறொன்று. அன்றிலிருந்து கோழிகள்மேல் அவருக்கு ஒரு புது மரியாதை வந்துவிட்டது. சேவல் கூவும்போது கழுத்து நீள்வதைக் கண்டால், "காதுள்ளவர் பேசுறார்" என்பார்.

அடுத்த வருடம் நான் கர்ப்பமானேன். பரிசோதித்து உறுதியான அன்று பின்னேரம், பொரிக்கும் மெஷினுக்குள் முட்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தவரின் முன்னால் போய் நின்றேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன்.

"பாப்பா வரப் போகுது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எப்ப? நாளைக்கா? ஒரு நல்ல கோழியா அறுப்பம்."

நான் விழித்தேன். "நாளைக்கா?"

"பஸ்லயா வாறார்? சந்திக்கு நான் போய்க் கூட்டி வாறன்."

அப்போதுதான் விளங்கியது. பாப்பா என்றாலும் மாமா என்றாலும் உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும். என் அப்பா வரப் போகிறார் என்று அவர் நினைத்துவிட்டார். நான் அவருடைய கையைப் பிடித்து என் வயிற்றில் வைத்து, மறுபடி மெல்லச் சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். மெஷினின் கதவைப் பூட்ட மறந்து அப்படியே நின்றார். முட்டைகள் குளிர்ந்துவிடும் என்று நான்தான் பூட்டினேன். பிறகு அவர் அம்மாவைத் தேடி முற்றத்துக்கு ஓடினார். மாமிக்கு அவர் சொன்ன முதல் வசனம், "மாமா இல்லையாம், பாப்பாவாம்" என்பதுதான். அதை விளங்கிக்கொள்ள மாமிக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அறுக்கக் குறித்த கோழி எப்படியும் அறுபட்டது. அப்பாவும் செய்தி கேட்டு மறுநாளே வந்து சேர்ந்தார்.

வகுப்பில் நான் மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது என் வயிற்றுக்குள்ளும் நடந்துகொண்டிருந்தது. கோழிக்கு மூன்றாம் நாளில் தெரியும் குமிழி மனிதருக்கு முதல் மாதத்தின் கடைசியில் வரும். குமட்டலோடு கரும்பலகையில் அதன் படத்தைக் கீறுவேன். வீட்டுக்கு வந்தால் அவர் கேட்பார்.

"இண்டைக்குக் காது எந்த மட்டில இரிக்கு?"

"சுருளத் தொடங்கியிரிக்கும்."

"எத்தின சுத்து?"

"ரெண்டரைச் சுத்து வரும். இப்பதான் முதல் சுத்து."

அவர் விரலால் காற்றில் ஒரு நத்தையைக் கீறிக்கொண்டு கொட்டிலுக்குப் போவார்.

மாமிக்கு மட்டும் ஒரு யோசனை இருந்தது. கேட்காமல் வைத்துக்கொண்டே இருந்து, ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கேட்டார். "புள்ள, இவனுக்கு வந்தது புள்ளைக்கும் வருமா?"

"இல்ல மாமி. இவருக்கு ஊசியால வந்தது. ஊசியால வந்தது பிள்ளைக்குப் போகாது."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

மாமி தலையாட்டினார். ஆனாலும் அன்று முதல் கோயிலுக்குப் போனால் இரண்டு தேங்காய் உடைத்தார், ஒரு காதுக்கு ஒன்று என்று.

ஆறாம் மாதம் முடியும்போது, இனிப் பிள்ளைக்குச் சத்தம் கேட்கும் என்று சொன்னேன். அவர் உடனே கேட்டது, "என்ன சத்தம் கேக்கும்?" என்று.

நான் அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். பிள்ளை தண்ணீருக்குள் இருக்கிறது. சதையும் தண்ணீரும் தாண்டித்தான் சத்தம் போக வேண்டும். கூர்மையான சத்தங்கள் வழியிலேயே மங்கிவிடும். தடித்த, ஆழமான சத்தங்கள் போகும். சொற்களின் விளிம்பு தெரியாது, குரலின் ஏற்ற இறக்கம் தெரியும். சொல்லிக்கொண்டே போனவள் நின்றுவிட்டேன். அவரும் என் வாயைப் பார்ப்பதை விட்டு என் கண்ணைப் பார்த்தார்.

"அப்ப உள்ளுக்க இரிக்கிற ஆளுக்கும் எனக்கும் ஒரே மாதிரித்தான் கேக்குது" என்றார்.

நானோ மாமியோ அந்தப் பிள்ளை உலகத்தை எப்படிக் கேட்கிறது என்று ஊகிக்கத்தான் முடியும். அவருக்கு அது வீட்டுப் பாதைபோலத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து பின்னேரங்களில் வயிற்றருகில் இருந்து கதைக்கத் தொடங்கினார். என்ன சொல் கேட்காது, எப்படிச் சொன்னால் கேட்கும் என்று அவருக்குத்தான் தெரியுமாம். சொற்களை நீட்டி, அடிக்குரலில், ராகம்போல இழுத்துச் சொல்வார். தீனி விலை, மழைக்குக் கொட்டில் ஒழுகியது, எந்தக் கோழி அடையை விட்டு எழும்பிப் போனது எல்லாம் பிள்ளைக்குச் செய்தியாகப் போகும். அவர் தொடங்கினால் உள்ளே உதை விழும். நான் மெல்லிய குரலில் எவ்வளவு கொஞ்சினாலும் ஒன்றும் நடக்காது.

"எங்கட கதை எங்களுக்கு" என்பார். நான் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் இருந்த சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு இலேசாகிறது.

பிள்ளை மட்டக்களப்பு நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாள். நல்ல நிறை, நல்ல அழுகை. வீட்டுக்கு விட முன்னர் காதுப் பரிசோதனை செய்தார்கள். சின்ன அடைப்பான் ஒன்றைக் காதுக்குள் வைத்து மெல்லிய சத்தத்தை அனுப்புவார்கள். நல்ல உட்காது என்றால், அந்தச் சத்தத்துக்குத் தானே ஒரு நுண்ணிய சத்தத்தைத் திருப்பி அனுப்பும். அதை மெஷின் பிடித்துக்கொள்ளும். இடது காது திருப்பி அனுப்பியது. வலது காதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"பிறந்த உடன காதுக்குள்ள தண்ணி நிண்டாலும் இப்பிடிக் காட்டும். பயப்பட வேணாம். ரெண்டு கிழமையால கொண்டு வாங்க" என்றார் பரிசோதித்த பெண்.

எனக்கு அது தெரியும். வகுப்பில் நானே சொல்லிக் கொடுக்கும் விடயம். ஊசி இல்லாமலும் ஒரு பிள்ளைக்குக் காது கேட்காமல் போக எத்தனையோ வழிகள் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். மாமிக்கு நான் கொடுத்த உறுதிமொழி நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

அவர் பிள்ளையை மடியில் வைத்து, அந்த வலது காதின் மடலை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குக் காது மெஷின் ஒண்டு எடுப்பம்."

"இப்பவா? உங்களுக்கா?"

"இவளுக்கு வேணுமெண்டு வந்தா, அப்பாட காதிலயும் இரிக்கிறதைக் கண்டு போடட்டும். முதல்ல நான் பழகிற."

இவ்வளவு வருடம் நானும் மாமியும் கெஞ்சிக் கேட்டு நடக்காதது, பிறந்து மூன்று நாளான ஒருத்திக்காக நடந்தது.

அடுத்த வாரமே அதே ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் அவருக்கும் பரிசோதனை செய்தார்கள். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று படம் கீறித் தந்தார்கள். அவர் அந்தக் கோட்டைப் பார்த்து, "மலையில இரிந்து கடலுக்கு இறங்கின மாதிரி இரிக்கு" என்றார். மகளின் இரண்டாவது பரிசோதனைக்குக் குறித்த நாளிலேயே அவருடைய மெஷினும் தயாராகியிருந்தது. காதில் இருக்கும்வரை பழையதைப் போல வீசிலடிக்காது, அவரவர் காதுக்கு ஏற்றபடி கம்பியூட்டரில் வைத்துச் சரிசெய்வார்கள்.

ஒரே அறை. ஒரு பக்கத்தில் அவருக்கு மெஷின் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கத்தில் நான் நித்திரையான பிள்ளையை ஏந்திக்கொண்டு இருந்தேன். அவருடைய முதுகு எங்களுக்கு. மாட்டி முடித்ததும் அவர் தலையை அங்குமிங்கும் திருப்பினார். காற்றாடியைப் பார்த்தார். யாரோ பொலித்தீன் பையைக் கசக்க, துள்ளித் திரும்பினார். மறுபடி மெஷின் மாட்டியவரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் என் பிள்ளையின் காதிலிருந்து அடைப்பானை எடுத்த பெண், சாதாரணக் குரலில் என்னிடம் சொன்னார்.

"ரெண்டு காதும் சரி. நல்லாக் கேக்குது."

நான் வாயைத் திறக்குமுன் அவர் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் வாயை அவர் பார்க்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது.

"ரெண்டு காதுமா?" என்று கேட்டார்.

"ஓம், ரெண்டும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னோம். மாமி பிள்ளையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். உள்ளே மாமி அழுதது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, அது இப்போது என் கணவருக்கும் கேட்டிருக்கும் என்று. அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு பின்பக்கம் போனார்.

நானும் போனேன். மறுநாள் பொரிக்க வேண்டிய முட்டைகள் மெஷினில் இருந்தன. முந்தின தொகுதிக் குஞ்சுகள் விளக்கின் கீழே பெட்டிக்குள் நின்றன. அவர் பொரிக்கும் அறையின் கதவைத் திறந்தார், திறந்தபடி அப்படியே நின்றார். கோழிக்குஞ்சின் சத்தம் மெல்லியது, கூரானது. இத்தனை வருடம் குஞ்சு விற்ற மனிதருக்கு அந்தச் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. அவை வாயைத் திறந்து மூடுவதை மட்டும்தான் கண்டிருக்கிறார்.

"எப்பவும் இப்பிடித்தான் கத்துங்களா?"

"எப்பவும் இப்பிடித்தான்."

"இவ்வளவு சத்தத்துக்குள்ளயா நான் நிண்ட?"

நான் மெஷினிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவர் காதருகில் பிடித்தேன். பொரிக்கும் நாளுக்கு முதல் நாள், ஓடு உடையுமுன்பே குஞ்சு உள்ளே இருந்து சத்தம் போடும். அவர் முட்டையைத் தன் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அடுத்த முட்டையை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். முழுத் தட்டையும் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஒன்றிரண்டில் சத்தம் இல்லை. அவற்றைத் தனியாக வைத்து, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு திரும்ப எடுத்துக் கேட்டார்.

"இது இப்ப கதைக்குது" என்றார் என்னிடம், பெரிய இரகசியம் சொல்வதுபோல.

காது மெஷினால் முளைத்துவிடுகிற காது இல்லை அது. செத்த மயிர்க்கலங்கள் செத்தவைதான். இருப்பவற்றுக்கு உரக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். கூட்டமாக ஆட்கள் கதைத்தால் அவருக்கு இன்னும் தலை இடிக்கும், ஒரேயடியாகக் கழற்றி மடியில் வைத்துவிடுவார். எங்கள் பேராசிரியர் இந்தத் துறையில் ஏதும் புதிதாக வந்தால் எனக்கு அனுப்பிவைப்பார். பிறவியிலேயே ஒரு மரபணு பழுதானதால் கேட்காத பிள்ளைகளுக்கு, சரியான மரபணுவைக் காதுக்குள் செலுத்திக் கேட்க வைத்திருக்கிறார்கள் என்ற செய்தியை அப்படித்தான் வாசித்தேன். அவருக்குச் சொன்னபோது சந்தோசப்பட்டார். அந்தப் பிள்ளைகளின் தாய்தகப்பன் எப்படி இருந்திருப்பார்கள் என்று கேட்டார். அது அவருடைய வகை இல்லை, அவருக்குக் கலமே இல்லை, அதை முளைக்கவைக்கும் வழி இன்னும் வரவில்லை என்றேன்.

"வரும்" என்றார். "கோழிக்கு ஏலுமெண்டா வழி ஒண்டு இரிக்கு எண்டுதானே அர்த்தம். அவங்க கண்டுபிடிக்கட்டும். எனக்கு அவசரமில்ல."

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். வழியே இல்லாத ஒன்றைத் தேடுவது வேறு. ஓர் உயிரில் நாளாந்தம் நடக்கும் ஒன்றை இன்னோர் உயிரில் தேடுவது வேறு. இந்த வருடம் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தும்போது ஒரு மாணவி, இதை மேலே படிக்க எங்கே போகலாம் என்று கேட்டாள். பேராசிரியரிடம் கூட்டிப் போய் விட்டேன். இரண்டு பேரும் இப்போது மீனின் தோலில் இருக்கும் மயிர்க்கலங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள், மீனுக்கும் அவை மறுபடி முளைக்கும் என்பதால். வாவியில் பிடித்த மீன்குஞ்சுகளோடு ஆய்வுகூடம் இப்போது கருவாட்டுக் கடைபோல மணக்கிறது.

மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. நடக்கிறாள், ஓடுகிறாள், எல்லாவற்றையும் பிடித்து இழுக்கிறாள். தகப்பன் தூக்கினால் அவளுடைய கை நேரே அவர் காதுக்குத்தான் போகும். நேற்றுப் பின்னேரம் மெஷினைப் பிடுங்கித் தன் பிடிக்குள் பொத்திக்கொண்டாள். பொத்தினால் அது கீச்சென்று கத்தும். கையை விரித்தாள், நின்றது. பொத்தினாள், கத்தியது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தக் கீச்சுச் சத்தம் எனக்கும் மாமிக்கும் காதைக் கிழித்தது.

"அதை வாங்குங்களன்" என்று நான் குசினியிலிருந்து கத்தினேன்.

அவருக்கு அது கேட்கவில்லை, மெஷின் மகளின் கையில். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே, அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.